வெள்ளிப் பதக்கம் இரண்டு

கொங்கு நாட்டு மக்கள் ஓட்டத்தின் அருமையை நன்கு அறிந்தவர்கள். செம்மண் காடுகளில் வானம் பார்த்து வாழ்ந்த அக்குடிகள், ஆழ்ந்த கிணறுகளில் காளைகளைப் பூட்டிக் கவலை இறைத்துப் பயிர் வளர்த்தார்கள். காளையின் கால்வலியே அவர்தம் வாழ்வின் வலியாக இருந்தது. ஆதலின், பொள்ளாச்சி, உடுமலை முதலிய ஊர்ப்புறங்களில் ரேக்ளாப் பந்தயம் நடைபெறும் நாள் இன்றும் ஒரு திருநாள் போலவே கொண்டாடப்படுகிறது. 200 மீட்டர், 300 மீட்டர் என அளந்த பாதையிலே, இரு காளைகள் பூட்டிய சிறு வண்டி புழுதி எழப் பாய்ந்து செல்லும். இருமருங்கும் நிற்கும் மக்கள் எழுப்பும் ஆரவாரம் அடுத்த ஊர்க்கும் கேட்கும். வென்ற காளையின் சுழி, நிறம், கொம்பு ஆகியவை பற்றிச் சந்தைதோறும் பேச்சு நிகழும்.

காளைக்குக் கிடைக்கும் அப்புகழ் அந்நாட்டு இளைஞர் ஒருவர்க்கும் கிடைத்தது. திருப்பூர் மாவட்டத்து அவிநாசிப் பகுதியிலே பிறந்தவர் தருண் அய்யாசாமி. இளமையிலேயே தந்தையை இழந்த அவரை, பள்ளி ஆசிரியையாகிய அன்னையார் தம் சிறு வருவாயைக் கொண்டு வளர்த்தார். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27-ஆம் நாள், இந்தோனேசியத் தலைநகராகிய ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தை அவர் 48.96 வினாடியில் ஓடி முடித்தார். இடையிலே பத்துத் தடைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றடி உயரம். கட்டார் நாட்டுச் சம்பா என்னும் வீரர் பொன் பெற, தருண் வெள்ளி பெற்றார். அது புதிய இந்தியச் சாதனையாகவும் அமைந்தது. சில நாள் கழித்து நிகழ்ந்த 4 × 400 மீட்டர் அஞ்சலோட்டத்திலும் வெள்ளி வென்ற இந்தியக் குழுவில் அவர் இருந்தார். அடுத்த ஆண்டு பாட்டியாலாவில் தம் சாதனையைத் தாமே முறியடித்து 48.80 வினாடி எனக் குறைத்தார். ஊரார் மகிழ்ந்தனர், அரசு பரிசளித்தது. ஓடியவர்க்கு உரிய புகழ், ஓடியவர் கைக்கே வந்து சேர்ந்தது.

இதே ஆசியப் போட்டியில், பன்னிரண்டு ஆண்டுகட்கு முன்னர், வேறொரு தமிழ்ச் சிற்றூரில் பிறந்த ஒரு பெண்மணியும் வெள்ளிப் பதக்கம் வென்றார். அவர் பெயர் சாந்தி சௌந்தரராசன். அவர் பெயரைத் தமிழ்நாட்டார் பலரும் அறிவர். ஆனால் அவர்கள் அதனை அறிந்தது அவர் ஓடிய ஓட்டத்தினாலா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அவர் ஓடியது 800 மீட்டர் ஓட்டம். ஓட்ட வகைகளுள் இதனை விடக் கடுமையானது அரிது என்று துறை வல்லார் கூறுவர். 100 மீட்டர் ஓடுபவர் மூச்சைப் பற்றிக் கவலை கொள்ளாது பாயலாம். நெடுந்தொலைவு ஓடுபவர் மூச்சைச் சேமித்து அளந்து செலவிடலாம். 800 மீட்டர் ஓடுபவர்க்கோ இவ்விரண்டும் வேண்டும். இரண்டில் எதனையும் முழுமையாகச் செய்ய இயலாது. ஓடுகளத்தை இருமுறை சுற்ற வேண்டும். முதல் வளைவு முடியுமட்டும் ஒவ்வொருவரும் தத்தம் கோட்டிற்குள்ளேயே ஓடுவர். வளைவு கடந்ததும் அனைவரும் உள்வட்டத்தை நோக்கி நெருங்குவர். அவ்வேளையில் முழங்கை படும். காலணியின் முள் காலில் குத்தும். தடுக்கி வீழ்வோரும் உண்டு. முன்னே சென்றால் காற்றைக் கிழிக்கும் உழைப்பு முழுவதும் தன்மேல் விழும். பின்னே நின்றால் கூட்டத்துள் அகப்பட்டு வெளியேற வழியின்றிப் போகும். இரண்டாம் சுற்றின் பிற்பாதியில், கால்களில் ஈயம் காய்ச்சி ஊற்றியது போன்ற கனம் ஏறும். அந்நிலையிலும் கடைசி நூறு மீட்டரை விரைந்து ஓட வல்லவரே வெல்வர். சற்றே இரண்டு நிமிடத்துள் இத்தனையும் நிகழ்ந்து முடிகின்றன. வலிமையோடு பொறுமையும், பொறுமையோடு துணிவும் ஒருங்கே வாய்த்தவர்க்கே இவ்வோட்டம் உரியது.

சாந்தி, புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் 1981-ஆம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் செங்கற்சூளையில் கூலி வேலை செய்தவர்கள். குடியோ ஒடுக்கப்பட்ட குடி; வீடோ குடிசை. செங்கற்சூளை வேலையின் தன்மையைக் கொங்கு நாட்டு மாணவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. கோயம்புத்தூரை அடுத்த தடாகம் பள்ளத்தாக்கில் சூளைகள் பல இருந்தமை அவர்கள் அறிந்ததே. மண் குழைத்தல், அச்சில் இடுதல், காய்ந்த கல்லைத் தலைச்சுமையாகச் சுமந்து அடுக்குதல் ஆகிய இவ்வேலைகளுக்கு விடியற்காலையிலேயே குடும்பத்தோடு செல்ல வேண்டும். அத்தகைய வீட்டிலே, ஓட்டத்தில் வல்லவராய் விளங்கிய பாட்டனார் ஒருவர் இருந்தார். குடிசைக்கு வெளியே கிடந்த மண்வெளியில், பதின்மூன்று வயதுச் சிறுமியாகிய பேத்திக்கு அவரே ஓடக் கற்பித்தார். காலணியும் வாங்கிக் கொடுத்தார். பேத்தி பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டிகளில் கோப்பை மேல் கோப்பையாக வென்று வந்தாள். மேனிலைப் பள்ளி ஒன்றின் விளையாட்டு ஆசிரியர் அவளது திறங்கண்டு, சம்பளமும் சீருடையும் உணவும் கிடைக்கச் செய்தார். நாளும் மூன்று வேளை உண்ணுதல் அவளுக்கு அப்போதுதான் வாய்த்தது. கால்வலி பிறவியிலேயே வரலாம். அதனை வளர்ப்பது சோறு என்பதைப் பந்தயக் காளை வளர்க்கும் உழவர் நன்கு அறிவர்.

பிறகு கல்லூரியில் சேர்ந்தார். நாட்டளவிலான போட்டிகளில் வென்றார். 2005-ஆம் ஆண்டு தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி பெற்றார். 2006 டிசம்பரில், கட்டார் நாட்டுத் தோகாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அங்கே அவர் 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி இரண்டாமவராக வந்தார். மூன்றாமவராகிய கசகசுத்தான் நாட்டு வீராங்கனைக்கும் அவருக்கும் இடையே இருந்த வேற்றுமை 0.03 வினாடி. கண் இமைக்கும் நேரத்தினும் அது குறைவு. செங்கல் சுமந்தவர் மகள் ஆசியக் கண்டத்து மேடையில் ஏறி நின்றாள்.

மேடையினின்று இறங்கிய சின்னாளில், மருத்துவர் குழு ஒன்று அவரைச் சோதித்தது. சோதனை எதன்பொருட்டு என்பது தமக்கு விளக்கப்படவில்லை என்று அவரே பின்னர்க் கூறியுள்ளார். பெண்களுக்குரிய பிரிவில் ஓடும் தகுதி அவருக்கு இல்லை என்று முடிவு கூறப்பட்டது. பதக்கம் பறிக்கப்பட்டது, இனி ஓடலாகாது என்றும் விதிக்கப்பட்டது. அவர் ஊக்கமருந்து உண்டவர் அல்லர். விதியை மீறியவரும் அல்லர். பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்களோடு ஓடியவர். உடலின் உள்ளே பிறவியில் அமைந்த ஓர் இயல்பு, கண்ணாடியிலும் தெரியாதது, தாயும் அறியாதது, அவருக்கு எதிரான சான்றாயிற்று. அது தனியறையில் ஒரு மருத்துவர் மெல்ல எடுத்துரைக்க வேண்டிய செய்தி. தொலைக்காட்சியும் செய்தித்தாளும் அதனை நாடெங்கும் முரசறைந்தன. அதுவரை 800 மீட்டர் ஓட்டம் இன்னதென்று அறியாதவரும் அன்று அவர் பெயரை அறிந்தனர். இதனையும் புகழ் என்று கூறும் மொழிவழக்கு எம்மொழியிலும் இல்லை. தமிழில் இதற்கு வேறு சொல் உண்டு.

அந்நாள் முதலமைச்சர் கருணாநிதி, பதக்கம் போன செய்தி பரவிய பின்னரும், 15 லட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் அவருக்கு வழங்கினார். அச்செயல் பாராட்டிற்குரியது. ஆயினும் ஊர்ப்பேச்சையும் பார்வையையும் பணம் தடுக்க வல்லதன்று. உயிர் வாழ்தலையே வெறுக்கும் அளவிற்கு அவர் மனம் நொந்த காலம் ஒன்று இருந்தது. அதனையும் கடந்தார். புதுக்கோட்டையில் ஏழைச் சிறுவர் சிறுமியரைத் திரட்டி ஓட்டம் பயிற்றினார். பரிசுப் பணத்தை அவர்களுக்காகச் செலவிட்டார். மாதம் சில ஆயிரம் ஊதியத்தில் ஒப்பந்தப் பயிற்சியாளராக இருந்தார்; அதுவும் நிலைக்கவில்லை. 2012-ஆம் ஆண்டில், பெற்றோர் வேலை செய்த அதே வகைச் செங்கற்சூளையில் நாளொன்றுக்கு 200 ரூபாய்க் கூலிக்கு அவர் கல் சுமந்தார். அச்செய்தி வெளியான பின்னரே நாடு மீண்டும் அவரை நினைத்தது. பயிற்சியாளர்க்குரிய பட்டயப் படிப்பிற்கு வழி பிறந்தது; பின்னர்த் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் பணியும் பெற்றார். பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

மறுபுறம் கூறப்படும் நியாயத்தையும் கேட்டல் வேண்டும். பெண்களுக்கெனத் தனிப்பிரிவு வகுத்ததே, ஆண் உடலின் இயல்பான வலிமையோடு அவர்கள் போட்டியிட நேராமல் இருத்தற்பொருட்டு. அப்பிரிவிற்கு ஓர் எல்லை வேண்டும் என்று பிற வீராங்கனையர் கேட்பது தவறன்று. அவர்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களே. எல்லையை எங்கே வரைவது என்பதுதான் அரிய வினா. இயற்கை அவ்வளவு நேரான கோடு வரைவதில்லை. 1968 முதல் ஒலிம்பிக் போட்டிகளில் பெண்கள் அனைவரையும் குரோமோசோம் வழியே சோதித்தார்கள். முப்பது ஆண்டளவில் அம்முறை குற்றமுடையது என்று கண்டு 1999-இல் கைவிட்டார்கள். சுபெயின் நாட்டுத் தடையோட்ட வீராங்கனை மரியா ஓசே மார்த்தினெசு பத்தீன்யோ என்பவர் 1985-இல் அச்சோதனையால் விலக்கப்பட்டார்; பட்டங்களையும் உதவித்தொகையையும் இழந்தார். அவருடல், ஆண்களுக்கு வலிமை தரும் சுரப்புநீரை ஏற்றுப் பயன்கொள்ளும் இயல்பே இல்லாதது. அஃதாவது, எந்த நன்மைக்காக அவரை விலக்கினார்களோ அந்த நன்மை அவருக்கு இல்லை. மூன்று ஆண்டு போராடியே 1988-இல் ஓடும் உரிமையை மீளப்பெற்றார். அறிவியல் தன் முடிவை மாற்றிக்கொள்வது அதற்குப் பெருமையே. அதற்கிடையில் ஓர் இளம்பெண்ணின் ஓடும் பருவம் கழிந்துவிடுகிறது என்பதே துன்பம்.

ஒரே நிலையில் வெவ்வேறு நாடுகள் எவ்வாறு நடந்துகொண்டன என்பது நோக்கத்தக்கது. 2009-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் 800 மீட்டர் உலகப் பட்டம் வென்றவர் தென்னாப்பிரிக்காவின் காசுடர் செமன்யா. பதினெட்டு வயது. இறுதி ஓட்டத்திற்குச் சில மணி நேரம் முன்னரே அவர் சோதிக்கப்படும் செய்தி கசிந்தது. அவர் தாய்நாடு திரும்பியபோது விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு பாடி ஆடி வரவேற்றனர். அரசும் அவர் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டே மீண்டும் ஓடினார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தம் நாட்டுக் கொடியை ஏந்திச் சென்றார். 2016-இல் ரியோவில் பொன் வென்றார். பிற்காலத்து விதிகள் அவரைத் தடுத்தன. 2019-இல் விளையாட்டுக்கான நடுவர் மன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எனினும் அவர் விடவில்லை. அவ்வழக்கில் சுவிட்சர்லாந்து நீதிமன்றத்தில் அவருக்கு முறையான விசாரணை கிடைக்கவில்லை என்று 2025 சூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கூறிற்று.

இந்தியாவும் பின்னர்ப் பாடம் கற்றது என்னலாம். ஒடிசாவில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த தூத்தி சந்து 2014-இல் இவ்வாறே விலக்கப்பட்டபோது, இந்திய விளையாட்டு ஆணையம் அவர்க்குத் துணை நின்றது. வழக்கு வெளிநாட்டு நடுவர் மன்றம் வரை சென்றது. 2015-இல் அவ்விதியே நிறுத்தி வைக்கப்பட்டது. 2018-இல் அவர் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வென்றார். வென்ற இடம் ஜகார்த்தா; அவிநாசித் தருண் வென்ற அதே போட்டி. ஒன்பது ஆண்டு முன்னே பிறந்திருந்தால் தூத்தியின் கதி சாந்தியின் கதியாக இருந்திருக்கும். ஒன்பது ஆண்டு பின்னே பிறந்திருந்தால் சாந்தி வழக்கேனும் ஆடியிருப்பார். 2006-இல் அவர் பக்கம் நின்று, மேல்முறையீடு உண்டா, வழி என்ன என்று கேட்க ஒரு சங்கமும் முன்வரவில்லை. குற்றம் அங்கேதான் உள்ளது. விதி எத்தகையதாயினும் ஆகுக. அவ்விதியின் முன் ஒரு கிராமத்துப் பெண்ணைத் தனியே நிறுத்தியது எவ்விதியும் கட்டாயப்படுத்தாத செயல்.

இது பழங்கதை என்று தள்ளுதற்கில்லை. 2025 செப்டம்பர் முதல், உலகத் தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓடுவோர் அனைவரும் வாழ்நாளில் ஒருமுறை மரபணுச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்னும் விதி வந்துள்ளது. கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தோ, சிறிது குருதி எடுத்தோ செய்யும் சோதனை அது. காங்கேயம், தாராபுரம், கோபி, பொள்ளாச்சி முதலிய ஊர்களிலிருந்து குறுவட்டப் போட்டி, பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டி என்று படிப்படியாக ஏறிவரும் பெண்பிள்ளைகள் பலர். கோவை நேரு விளையாட்டரங்கின் ஓடுகளத்தை முதன்முதல் கண்டு வியந்து நிற்பவர்கள் அவர்கள். அவருள் ஒருத்தி நாட்டிற்காக ஓடும் நாள் வரின், அச்சோதனையும் வரும். அதன் பொருள் என்ன, முடிவு எவ்வாறாயினும் அவளுடைய மானத்திற்கு இழுக்கில்லை என்பவற்றை அவளிடமும் அவள் தாயிடமும் முன்னரே கூற வேண்டியவர் யார்? உடற்பயிற்சி ஆசிரியர்க்கு இதற்குரிய பயிற்சி தரப்பட வேண்டும். சோதனை ஓட்டத்திற்கு முன் நிகழ வேண்டும்; மேடையில் ஏற்றிய பின் அன்று. முடிவு அவள் ஒருத்திக்கே உரியது. அதனை வெளியிடுபவர் எவராயினும் தண்டிக்கப்பட வேண்டும். ஓடும் வாய்ப்பு அற்றுப் போயினும், படிப்பும் பணியும் அற்றுப் போகாதவாறு அரசு முன்கூட்டியே உறுதி தருதல் வேண்டும். இவற்றிற்கு ஆகும் செலவு, ஒரு பாராட்டு விழாவிற்கு ஆகும் செலவினும் மிகுதியாக இராது.

சாந்தியின் பதக்கம் பற்றியும் ஒரு சொல். அதனைத் திரும்பத் தந்தால், அவருக்குப்பின் வந்து வெள்ளி பெற்றவரிடமிருந்து பறிக்க வேண்டுமே என்று சிலர் கூறுவர். அவ்வாறு பறிக்க வேண்டுவதில்லை. 1912-ஆம் ஆண்டு சுடாக்கோம் ஒலிம்பிக்கில் இரண்டு பொற்பதக்கம் வென்ற அமெரிக்கப் பழங்குடி வீரர் சிம் தோர்ப்பு என்பவரிடமிருந்து, அவர் முன்னொருகால் பந்தாட்டத்திற்குச் சிறு ஊதியம் பெற்றார் என்று காட்டி 1913-இல் பதக்கங்களைப் பறித்தனர். 1982-இல் அனைத்துலக ஒலிம்பிக் குழு அத்தீர்ப்பை மாற்றியபோது, இடைப்பட்ட காலத்தில் பொன் பெற்றோரை விலக்காமலே அவரையும் இணை வெற்றியாளராக ஏற்றது. தோகாப் போட்டியின் வெள்ளியையும் அவ்வாறே இருவர்க்கு உரியதாக்க ஆசிய ஒலிம்பிக் மன்றத்தால் இயலும். அதனைக் கேட்க வேண்டியது இந்திய ஒலிம்பிக் சங்கம். தோர்ப்பு 1953-இலேயே இறந்துவிட்டமையால் அவர் பதக்கங்களை அவருடைய மக்களே பெற்றுக்கொண்டனர். சாந்தி 1981-இல் பிறந்தவர். கேட்பதற்குக் காலம் இருக்கிறது.